கூட்டு முயற்சியும் சிறுதொழில் வளர்ச்சியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வணிகவியல் துறையினர் எழுத வேண்டிய பொருளைக் கணிதத் துறை மாணவி ஏன் எடுத்துக்கொண்டாள் என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. என் தந்தையார் கோவையில் ஒரு சிறு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டிற்கு வரும் ஆங்கிலக் கடிதம், வங்கிப் படிவம், ஜி.எஸ்.டி. தாள் எதுவாயினும் என் புத்தகங்களின்மேல் வந்து அமர்ந்துவிடும். கணிதம் படிப்பவளுக்கு உலகிலுள்ள கணக்கெல்லாம் தெரியும் என்பது அப்பாவின் நம்பிக்கை. சென்ற ஆனி மாதம் அவர் கொண்டு வந்தது கடிதமன்று, ஒரு கேள்வி. "ஒருத்தரு கூட்டுச் சேரலாம்ங்கறாரு அம்மணி. சேரலாமா வேண்டாமான்னு நீ கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

அக்கேள்விக்கு விடை தேடி நூலகத்திலும், வணிகவியல் பயிலும் தோழியின் பாடநூல்களிலும், பிறகு எங்கள் பட்டறையின் பழைய நோட்டுகளிலும் நான் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பிழையிருப்பின் வணிகவியல் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

கூட்டு முயற்சி என்பது யாது?

தனித்தனியே தொழில் நடத்தும் இருவரோ பலரோ, தத்தம் தொழிலைக் கலைத்துவிடாமல், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் பணத்தையும் பொருளையும் திறமையையும் சேர்த்து, வருகின்ற இலாப நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதே கூட்டு முயற்சி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கூட்டுக் கிணறு பார்த்திருப்பீர்கள். காடு அவரவருடையது, கிணறு மட்டும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அண்ணன் தென்னை வைத்திருப்பார், தம்பி மஞ்சள் போட்டிருப்பார். அதில் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கிணற்றைத் தூர் வாரும்போது மட்டும் இருவரும் வர வேண்டும். அக்கிணறுகளால் எத்தனை வழக்குகள் நீதிமன்றம் ஏறின என்பதையும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குச் சட்டம் பல சட்டைகளைத் தைத்து வைத்திருக்கிறது. வெறும் ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்கீழ் ஒரே ஒரு வேலைக்கெனக் கூட்டாண்மை அமைக்கலாம். அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மையாகப் பதியலாம். பெரிய அளவாயின் இருவரும் பங்கு வைத்துப் புதிய கம்பெனியே தொடங்கலாம். எதுவும் எழுதாமல் கைகொடுத்துக்கொண்டு தொடங்குவதும் உண்டு. நம் ஊரில் அதுதான் மிகுதி. அப்படித் தொடங்கினாலும் சட்டம் விட்டுவிடுவதில்லை. கூட்டாகத் தொழில் நடத்தி இலாபத்தைப் பகிர்ந்துகொண்டால், வாய்மொழியாயினும் அது கூட்டாண்மையாகக் கருதப்பட இடமுண்டு. அப்போது ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பாளி ஆகிறார். இலாபம் எப்படிப் பிரிப்பதென்று பேசவில்லையானால் சமமாகப் பிரிக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. ஒருவர் நூறு ரூபாய் போட்டு மற்றவர் பத்து ரூபாய் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

சைக்கிள் பாகத்திலிருந்து மோட்டார் சைக்கிள் வரை

சிறியவர்கள் ஏன் கூட்டை நாட வேண்டும்? தம்மிடம் இல்லாத ஒன்று மற்றவரிடம் இருப்பதால். இதற்கு நாம் அனைவரும் அறிந்த பெயர் ஒன்றைச் சொல்கிறேன்.

இன்று பாகிஸ்தானில் உள்ள கமாலியா என்னும் ஊரைச் சேர்ந்த முஞ்சால் சகோதரர்கள் நால்வர், 1944-இல் அமிர்தசரசில் சைக்கிள் உதிரிபாக வணிகம் தொடங்கினார்கள். பின்னர் லூதியானாவுக்கு வந்து, பாகங்களைத் தாமே செய்யத் தொடங்கி, 1956-இல் முழுச் சைக்கிளையும் தயாரித்தார்கள். அதுவே ஹீரோ சைக்கிள்ஸ். சுற்றியிருந்த சிறு பட்டறைகளிடம் பாகங்களை வாங்கிச் சேர்ப்பதும், நாடெங்கும் கடைக்காரர்களை நண்பர்களாக வைத்துக்கொள்வதும் அவர்களுடைய பலம். 1986-இல் உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. ஆனால் எஞ்சின் செய்யும் வித்தை அவர்களிடம் இல்லை.

அவ்வித்தை ஜப்பானின் ஹோண்டாவிடம் இருந்தது. ஹோண்டாவுக்கோ இந்தியாவில் வாசல் திறக்கவில்லை. 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடப்பிலிருந்த காலம் அது. அயல்நாட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கு வைத்துக்கொண்டு இங்கே கடைவிரிப்பது எளிதன்று. 1984-இல் இருவரும் சேர்ந்தார்கள். ஹீரோ ஹோண்டா பிறந்தது. அரியானா மாநிலம் தாருஹேராவில் ஆலை. 1985-இல் சி.டி. 100 வெளிவந்தது. 1994-இல் வந்த ஸ்பிளெண்டரைப் பற்றி எழுதத் தேவையில்லை. நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் இன்று காலை எண்ணினாலே போதும். 2001-இல் எண்ணிக்கையில் உலகின் முதலிடத்து இருசக்கர வாகன நிறுவனமாக அது உயர்ந்தது. உதிரிபாகக் கடையிலிருந்து ஐம்பத்தேழு ஆண்டுகளில்!

இதில் கணித மாணவர்களுக்குச் சுவையான ஓர் எண் உண்டு. கூட்டில் ஹீரோ குழுமத்தின் பங்கு 26 விழுக்காடு, ஹோண்டாவின் பங்கு 26 விழுக்காடு. எஞ்சியவை பொதுமக்கள் முதலானோரிடம். ஏன் 25 அன்று, 30 அன்று, 26? கம்பெனிச் சட்டப்படி அடிப்படையான மாற்றங்களுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அது நிறைவேற, ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. எதிர்ப்பவர் பங்கு க எனக் கொண்டால், எஞ்சியவர் எல்லோரும் ஆதரித்தாலும் ஆதரவு 1 – க. அது 3க-வுக்குக் குறையாதிருக்க, க என்பது நான்கில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது. ஆகவே நான்கில் ஒன்றுக்குச் சிறிது கூடுதலாக வைத்திருப்பவர் ஒருவரே எந்தச் சிறப்புத் தீர்மானத்தையும் தடுத்துவிடலாம். 26 என்பது ஆளும் எண் அன்று; 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையின் எண். இருவரும் அவ்வுரிமையைக் கையில் வைத்துக்கொண்டே கைகுலுக்கியிருக்கிறார்கள்! ஒன்பதாம் வகுப்பு அசமன்பாட்டுக்கு இவ்வளவு விலையுண்டென்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் அக்கறையாகப் படித்திருப்பேன்.

1991-க்குப் பின் சட்டங்கள் தளர்ந்தன. ஹோண்டாவுக்கு வாசல் திறக்க இனி ஒரு கூட்டாளி வேண்டியதில்லை. 1999-இல் தனக்கெனத் தனி நிறுவனத்தை இந்தியாவிலேயே தொடங்கியது. கூட்டாளியே போட்டியாளர் ஆனார். ஹீரோவுக்கும் மனக்குறைகள் இருந்தன. விரும்பிய நாட்டிற்கெல்லாம் ஏற்றுமதி செய்ய ஒப்பந்தம் இடம் தரவில்லை. 2010 டிசம்பரில் பிரிவதென முடிவாயிற்று. ஹோண்டாவின் பங்கை ஹீரோ குழுமம் வாங்கிக்கொண்டது. பிரிந்த பின்னும் சில காலம் தொழில்நுட்ப உரிமம் தொடர ஏற்பாடு செய்துகொண்டதால், மறுநாள் ஆலையை மூட வேண்டிய நிலை வரவில்லை. 2011-இல் பெயரை ஹீரோ மோட்டோகார்ப் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அக்காலத்து இரட்டைப் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1982-இல் உடன்படிக்கை கண்ட டி.வி.எஸ்.–சுசூகி கூட்டு, ஓசூர் ஆலையில் வளர்ந்து 2001-இல் பிரிந்தது, டி.வி.எஸ். மோட்டார் தனியே நின்றது, இன்றும் நிற்கிறது. கைனடிக் ஹோண்டாவில் இருந்த தன் பங்கை ஹோண்டா 1998-இல் விற்றது. இன்னும் சில மாணவர்கள் உயிராய்ப் போற்றுகிற ஆர்.எக்ஸ். 100 வண்டியும் எஸ்கார்ட்ஸ், யமஹா என்னும் இருவரின் கூட்டில் 1985-இல் வந்ததே. பெயரில் இன்றும் இருவரும் சேர்ந்திருப்பது மாருதி சுசூகி மட்டும்; அங்கேயும் 26 விழுக்காட்டில் தொடங்கிய சுசூகியின் கைக்கு 2002-இல் ஆளும் பங்கு போய்விட்டது. கூட்டு எந்தத் தேவையால் உண்டாயிற்றோ, அத்தேவை ஒரு பக்கம் தீர்ந்ததும் அது தளரத் தொடங்குகிறது. இதைத் துரோகம் என்று நான் நினைத்திருந்தேன், சென்ற ஆண்டு வரை. இப்போது அப்படி நினைக்கவில்லை. வாய்ப்பாடு போன்ற ஒன்றாகவே தோன்றுகிறது.

எங்கள் பம்பு

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1932-இல் பைக்காரா மின்சாரம் தொடங்கிய பிறகு கோவைப் பகுதியில் நூற்பாலைகளும், அவற்றைத் தொடர்ந்து மோட்டார், பம்பு செட்டுத் தொழில்களும் பெருகின என்பதைப் பலரும் அறிவீர்கள். பெரிய பம்பு கம்பெனிகளைச் சுற்றி எங்கள் பட்டறையைப் போல் நூற்றுக்கணக்கான பட்டறைகள். வார்ப்படம் வேறிடத்திலிருந்து வரும். கடைசல் பிடித்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஜாப் ஒர்க் என்பார்கள். கம்பெனி ஒரு மாதம் ஆர்டரை நிறுத்தினால் எங்கள் லேத்தும் நிற்கும்.

2018-இல், நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில், அப்பாவும் பக்கத்துத் தெருவில் பவுண்டரி வைத்திருந்த நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பு செய்யத் தொடங்கினார்கள். நான் அவரை மாமா என்றுதான் அழைப்பேன். வார்ப்படம் அவருடையது, கடைசலும் பொருத்துவதும் எங்களுடையது. மோட்டார்ப் பாகங்கள், பேரிங், சீல் முதலியவற்றை வெளியில் வாங்குவார்கள். அவரவர் பட்டறை அவரவருக்கே. பம்பு மட்டும் பொது. கூட்டு முயற்சி என்ற சொல்லை இருவரும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் இலக்கணம் தவறாமல் அதையே செய்தார்கள். பம்புக்கு என் பெயரின் முதலெழுத்தையும் மாமா மகளின் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். நீல வண்ணம் பூசி, வெள்ளை எழுத்தில் அப்பெயரைப் பார்த்த அன்று நான் பள்ளியில் யாரிடமெல்லாம் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நோட்டிலுள்ள கணக்கு இது. வரி நீங்கலாக ஒரு பம்பு கடைக்காரருக்கு 4,300 ரூபாய். வெளியில் வாங்கும் பொருள் 2,000. மாமாவின் வார்ப்படம் 850. அப்பாவின் வேலை 750. மிச்சம் 700 ரூபாய், ஆளுக்கு 350. கூலிக்கு மட்டும் கடைந்துகொண்டிருந்தவருக்குக் கூலியும் வந்து, மேலே 350-உம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் 600 பம்புகள் செய்திருக்கிறார்கள். வளர்ச்சி இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஒரு துளையிடும் எந்திரமும் வாங்கினோம்.

சண்டை எங்கே தொடங்கியது தெரியுமா? புளோ ஹோல் என்னும் காற்றுக் குமிழில். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது வாயு உள்ளே சிக்கிக்கொண்டால் வார்ப்படத்தின் வயிற்றில் ஓட்டை விழும். வெளியே பார்த்தால் தெரியாது. லேத்தில் ஏற்றிக் கடைசல் பிடித்து, கூலியெல்லாம் செலவான பிறகே பல்லிளிக்கும். அந்தக் கேசிங்கை அப்பா திருப்பி அனுப்புவார்; மாமா வேறு வார்த்துக் கொடுப்பார். "அவருக்கென்ன, ஓட்டை இரும்பை மறுபடி உருக்கிக்குவாரு. எம்பட கூலி போனது போனதுதானே" என்று அப்பா வீட்டில் முணுமுணுப்பார். மாமா வீட்டிலும் இதே போல் ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியவில்லை.

இக்கட்டுரைக்காக, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, நான் தனியே மாமாவின் பவுண்டரிக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. போகலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். மாமா முதலில் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வாங்கி வரச் சொன்னார். பிறகு நான் கேட்ட கணக்கைக் கேட்டதும், அலமாரியிலிருந்து தூசி தட்டித் தம் நோட்டை எடுத்தார். இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்துக் கூட்டினோம்.

நூறு கேசிங்கில் சராசரி 12 கெட்டிருக்கின்றன. ஒரு கேசிங் வார்க்க மாமாவுக்கு ஆன செலவு 400 ரூபாய். அதில் இரும்பின் மதிப்பு 240. அது மீண்டும் உலைக்குப் போய்விடும். எஞ்சிய 160 ரூபாய், கரிக்கும் மணலுக்கும் ஆள்கூலிக்கும் ஆனது, போனது போனதுதான். பன்னிரண்டுக்கு 1,920 ரூபாய். அப்பாவின் கடைசல் கூலி ஒன்றுக்கு 180. பன்னிரண்டுக்கு 2,160 ரூபாய். வேறுபாடு 240. சமமாக நட்டத்தை ஏற்பதென்றால் நூறு பம்புக்கு மாமா அப்பாவுக்குத் தர வேண்டியது 120 ரூபாய். அறுநூறு பம்புக்கும் சேர்த்து 720 ரூபாய். உருக்கும்போது இரும்பிலும் சிறிது கழிவாகப் போகும் என்றார் மாமா. அதையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

எழுநூற்று இருபது ரூபாய்! ஒரு பம்பின் இலாபத்தை விட இருபது ரூபாய் கூடுதல். இரண்டு குடும்பங்கள் ஐந்து ஆண்டு பேசாமலிருந்தது இதற்காகவா என்று எனக்குத் தொண்டை அடைத்தது. ஒவ்வொருவருக்கும் தம் நட்டம் மட்டுமே கண்ணில் பட்டது. எதிர்ப்பக்கத்து நோட்டை எவரும் பார்த்ததில்லை. "உங்கப்பாரு ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பனே கண்ணு" என்றார் மாமா. அப்பா கேட்கவில்லை என்பது உண்மை. மாமாவும் தம் நோட்டைக் காட்டவில்லை என்பதும் உண்மைதான். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உண்மையான நட்டம் அதுவன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 2,60,000 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு மாமா பெயரில் இருந்ததால் பில்லெல்லாம் அவர் பெயரில். பேரிங்கும் சீலும் வாங்கிய கடனோ அப்பா பெயரில்; அதற்கு அம்மாவின் நகை 1,40,000 ரூபாய்க்கு அடகில் இருந்தது. வந்த சிறு தொகையை மாமா தம் கரிக்கடைப் பாக்கிக்குக் கட்டினார். உலை அணைந்து கிடந்த மாதங்களில் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் வட்டி எங்கள் வீட்டில் ஏறியது. வரவு ஒருவர் கையிலும் கடன் மற்றவர் தலையிலும் இருக்கும் கூட்டு, நல்ல மனிதர்களையும் பகைவராக்கிவிடும். ஆனியில் பிரிந்தார்கள். பஞ்சாயத்துப் பேச ஒரு தாளும் இல்லை. பதிவு செய்யாத கூட்டாண்மையில் ஒப்பந்த உரிமையைக் கேட்டு ஒருவர் மற்றவர்மீது வழக்காட முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்தபின் கணக்குக் கேட்கவும் மட்டுமே வழியுண்டு என்கிறது 69-ஆம் பிரிவு. வழி இருந்திருந்தாலும் அப்பா போயிருக்க மாட்டார். நகை 2023-இல்தான் வீடு திரும்பியது. அதுவரை அம்மா எந்தத் திருமணத்துக்கும் முன்வரிசையில் அமர்ந்ததில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

பம்பின் பெயரும் மாமாவிடமே நின்றுவிட்டது. அவர் வேறு பட்டறையில் கடைந்து இன்றும் அதே பெயரில் விற்கிறார். கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள ஹார்டுவேர் கடை வாசலில் நீலப் பம்பொன்று எப்போதும் இருக்கிறது. அதில் பாதி எழுத்து என்னுடையது.

செலவைச் சேர்ப்பதும் ஒரு கூட்டே

இலாபத்துக்கான கூட்டைப் பற்றியே பேசினேன். செலவுக்கான கூட்டும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலை வைக்க வசதியற்றவை. எனவே பல பட்டறைகள் பங்குதாரராகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. சிறியவர் பிழைக்க இது ஒன்றே வழி. ஆனால் குழாய் பொதுவானால் பழியும் பொதுவே. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டபோது, ஒழுங்காக நடந்தவர், நடவாதவர் என்று பிரித்துப் பார்க்க இடமிருக்கவில்லை. அத்தனை பட்டறைகளும் நின்றன. ஒருவர் தவறினால் மற்றவர் அதை எப்படி அறிவது, எப்படித் தடுப்பது என்பதும் கூட்டின் எழுத்தில் இருக்க வேண்டிய ஒன்றே.

பதினொரு பத்திகள்

இப்போது அப்பாவைத் தேடி வந்திருப்பவர் வங்கிக் கடனில் சி.என்.சி. எந்திரம் வாங்கியவர். வால்வு உடல் மாதம் 1,500 கடைந்து தர ஓர் ஆர்டர் அவருக்குக் கிடைக்கும் நிலை. எந்திரம் இருக்கிறது; அந்த வார்ப்படத்தை ஆடாமல் அசையாமல் பிடிக்கும் ஜிக் செய்யவும், கடைசி நேர்த்தி செய்யவும் கைதேர்ந்த ஆள் அவரிடம் இல்லை. அப்பாவிடம் கை இருக்கிறது, வேகம் இல்லை. தேவை இரு பக்கமும் இருக்கிறது. ஆகவே சேரலாம் என்றே நான் விடை சொன்னேன், எழுதிக்கொண்டு சேர்வதானால்.

இரண்டு வாரம் உட்கார்ந்து தமிழில் பதினொரு பத்திகள் எழுதினேன். இந்த ஓர் ஆர்டருக்கு மட்டுமே கூட்டு. பணம் இருவர் கையெழுத்திலும் இயங்கும் தனி வங்கிக் கணக்கில் வரும், அதிலிருந்தே கடனும் தீரும். வீட்டு நகையை எவரும் அடகு வைக்கக்கூடாது என்றும் ஒரு பத்தி. சட்டத்தில் இதற்கு என்ன மதிப்போ தெரியாது, அம்மாவுக்காக எழுதினேன். ஓட்டை வார்ப்படத்தில் வீணான எந்திர நேரமும் கைக்கூலியும் மாதம் ஒருமுறை இரு நோட்டுகளையும் அருகே வைத்துக் கூட்டப்பட்டு, நட்டம் பாதிப் பாதி. இருவர் பங்கும் சரிபாதியாதலால் கருத்து வேறுபட்டால் முடிவே வராது. அதற்கு இருவரும் ஒப்பும் மூன்றாமவர் ஒருவர் சொல்வதே தீர்ப்பு. இவற்றிற்கெல்லாம் அப்பா தலையாட்டினார்.

ஒன்பதாம் பத்தியில் முகம் சுளித்தார். பிரிவதானால் மூன்று மாதம் முன்னறிவிப்பு. செய்த ஜிக் செய்தவருக்கே. பெயரை எவரும் தனியே பயன்படுத்தக்கூடாது. பாக்கிகளை வாங்கிக் கடன்களைத் தீர்த்த பின்னரே பங்கு என்பது அப்பத்தி. "சேர்றப்பவே பிரியறதப் பத்தியா அம்மணி எழுதுவாங்க? தாலி கட்டறப்ப தீர்த்து வெக்கறதப் பேசற மாதிரி இருக்குது" என்றார். நான் விவாதிக்கவில்லை. மாமாவின் நோட்டிலிருந்து எழுதி வந்த தாளை அவர் முன் வைத்தேன். நான் அங்குப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். 720 என்ற எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் வந்து பதினொரு பத்திகளையும் படித்தார். எல்லாம் சரி, ஒன்பதாவது மட்டும் வேண்டாமே, நமக்குள் நம்பிக்கை இல்லாதது போல் இருக்கிறது என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். "அதிருக்கட்டுங்க" என்றார் அப்பா.

தம் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று நகல் ஒன்றை வாங்கிப் போனார் நண்பர். இக்கட்டுரையை மலர்க்குழுவிடம் ஒப்படைக்கும் இந்நாள் வரை அவர் திரும்பி வரவில்லை. அப்பா ஜிக்கைச் செய்து முடித்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, லேத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்.